தொட்டால் காசு! யாருக்கு?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

இடுக்கி மலைத் தோட்டங்களில் பறித்து, உலர்த்தி, சலித்த ஏலக்காய் மூட்டை மூட்டையாக வந்து சேருகிறது. மூட்டையில் இருந்து கொஞ்சம் மாதிரி எடுத்து, வியாபாரிகளுக்குக் கொடுக்கிறார்கள். வியாபாரி அதைக் கையில் கொட்டுகிறார். நிறம் பார்க்கிறார். பருமன் பார்க்கிறார். முகர்ந்து பார்க்கிறார். பிறகு, எதிரில் உள்ள கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்துகிறார். விலை ஏறுகிறது. அதிக விலை கேட்டவருக்குச் சரக்கு!

ஏலம் நடத்தும் கம்பெனிக்குக் கமிஷன் உண்டு. அது செடி நடவில்லை. மழை தவறினால் கவலைப்படுவதும் இல்லை. விற்பவர் யாராக இருந்தாலும் சரி, வாங்குபவர் யாராக இருந்தாலும் சரி, ஏலம் நடந்தால் அதற்கு வருமானம்.

இதே போல இன்னொரு ஏலமும் நடக்கிறது. இரவு பகல் ஓயாமல் நடக்கிறது. அதை நடத்த மண்டபம் இல்லை. மணி அடிப்பதும் இல்லை.

அது எங்கே நடக்கிறது? உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனில்!

அப்பாவின் கேள்வி

போடியில் ஒரு கடை. ஏலக்காய், மிளகு, தேயிலை விற்கிறார்கள். அந்த வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மகன் கல்லூரியில் படித்தவன். அப்பா கடையில் படித்தவர்.

"அப்பா, நம்ம கடைக்கு இன்டர்நெட்டில் விளம்பரம் போடலாம்."

"அதுக்கு எவ்வளவுடா கேட்பான்?"

"போடுறதுக்குக் காசு இல்லைப்பா. விளம்பரத்தை யாராவது விரலால் தொட்டால்தான் காசு."

"தொடலைன்னா?"

"ஒரு பைசா கிடையாது."

"சரி. தொட்டவன் வாங்காமப் போயிட்டா?"

மகன் பதில் சொல்லவில்லை.

அப்பா கேட்டது நல்ல கேள்வி. உலகம் முழுவதும் கோடிக் கணக்கான பணம் அந்த ஒரு கேள்வியில்தான் வருகிறது. அந்த ஒரு கேள்வியில்தான் போகிறது.

சொல்லுக்கு ஏலம்

விளம்பரத்தை விரலால் தொடுவதற்குக் "கிளிக்" என்று பெயர். கிளிக் ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று கட்டணம். இந்த ஏலத்தில் ஏலக்காய் ஏலம் போவதில்லை. "ஏலக்காய்" என்ற சொல் ஏலம் போகிறது!

எப்படி?

சென்னையில் ஒரு அம்மாள், "நல்ல ஏலக்காய் வாங்க" என்று கூகுளில் எழுதித் தேடுகிறார். கண் இமைப்பதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. அந்தச் சொல்லுக்கு மூன்று வியாபாரிகள் விலை சொல்லி வைத்திருக்கிறார்கள். முதல் ஆள் 12 ரூபாய். இரண்டாவது ஆள் 10 ரூபாய். மூன்றாவது ஆள் 7 ரூபாய்.

விளம்பரம் தேடியவருக்குப் பொருத்தமாக இருக்கிறதா என்று கூகுள் மார்க்கும் போடுகிறது. விலை, மார்க் இரண்டையும் சேர்த்துப் பார்த்து இடம் கொடுக்கிறது. மூவருக்கும் ஒரே மார்க் என்றால், 12 ரூபாய் சொன்னவர் முதல் இடத்துக்கு வருவார். ஆனால் அவர் 12 ரூபாய் கொடுக்க வேண்டியது இல்லை. அடுத்த ஆளை முந்துவதற்கு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு கொடுத்தால் போதும். அதாவது 10 ரூபாய்க்குச் சற்று மேலே.

அந்த அம்மாள் விளம்பரத்தைத் தொட்டால், அந்தப் பணம் வியாபாரியின் கணக்கில் கழிந்துவிடும்.

போடி ஏலத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. போடியில் பணம் கொடுத்தால் மூட்டை வரும். இங்கே பணம் கொடுத்தால் ஓர் ஆள் கடையை எட்டிப் பார்ப்பார். அவ்வளவுதான்! வாங்குவதும் வாங்காததும் அவர் இஷ்டம்.

இதோ கணக்கு

அப்பாவின் கேள்விக்கு இப்போது கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் கடைக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கிளிக் 10 ரூபாய். 100 பேர் தொட்டால் ரூ.1,000. இதற்கு ஜி.எஸ்.டி. 100க்கு 18 வீதம். ஆக ரூ.1,180.

100 பேரில் 2 பேர் வாங்குகிறார்கள். ஒருவருக்கு விற்றால் ரூ.300 லாபம். இரண்டு பேருக்கு ரூ.600. செலவு ரூ.1,180. நஷ்டம் ரூ.580!

4 பேர் வாங்கினால்? லாபம் ரூ.1,200. செலவு ரூ.1,180. மிச்சம் 20 ரூபாய்!

அதே 2 பேர் மறுபடியும் வாங்கினால்? விளம்பரச் செலவு இல்லாமல் ரூ.600 வருகிறது. மூன்றாம் தடவை வாங்கினால் இன்னும் ரூ.600. இப்போது கடை பிழைத்துக்கொண்டது.

ஆகவே, "ஒரு கிளிக் என்ன விலை?" என்று கேட்டால் போதாது. "ஒரு வாடிக்கையாளர் என்ன விலைக்குக் கிடைக்கிறார்? அவர் எத்தனை தடவை திரும்பி வருவார்?" என்று கேட்க வேண்டும். முதல் விற்பனையோடு போய்விடும் ஆளுக்காக ஏலம் கேட்டால், கல்லாப்பெட்டி காலி!

ஆரம்பித்தவர் யார்?

இந்த ஏலத்தை முதலில் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் பில் கிராஸ் என்ற அமெரிக்கர். கலிபோர்னியாவைச் சேர்ந்தவர். 1998ல் "கோ டு" என்ற தேடல் தளத்தைத் தொடங்கினார். அதிகப் பணம் கொடுப்பவருக்கு மேல் இடம்; கிளிக் வந்தால் மட்டும் கட்டணம். "தேடுவதற்குக் கூடக் காசா?" என்று பலர் முகம் சுளித்தார்கள்.

அதே 1998ல் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு மாணவர்கள் கூகுளை ஆரம்பித்தார்கள். விளம்பரப் பணத்தை நம்பும் தேடல் தளம், விளம்பரக்காரர் பக்கமே சாயும் என்று அவர்களே அந்த ஆண்டு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதினார்கள்!

ஆனால் கம்பெனி நடக்க வருமானம் வேண்டுமே! 2000 அக்டோபரில் கூகுளும் விளம்பரத்தில் இறங்கியது. 2002ல் கிளிக் ஏலத்துக்கு மாறியது. "இது எங்கள் முறை" என்று பில் கிராஸின் கம்பெனி வழக்குப் போட்டது. அந்தக் கம்பெனியை 2003ல் யாஹூ வாங்கியது. 2004ல் கூகுள் 27 லட்சம் பங்குகளை யாஹூவுக்குக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இன்று கூகுளின் தாய்க் கம்பெனி ஆல்பபெட். அதன் தலைவர் சுந்தர் பிச்சை, தேனிக்குப் பக்கத்தில் உள்ள மதுரையில் 1972ல் பிறந்தவர். 2024ல் அந்தக் கம்பெனிக்கு வந்த மொத்த வரவு சுமார் 35,000 கோடி டாலர். அதில் விளம்பர வரவு மட்டும் சுமார் 26,400 கோடி டாலர். நூறு ரூபாய் வந்தால் 75 ரூபாய் விளம்பரத்தில் இருந்து வருகிறது என்று அர்த்தம்.

முதல் போட்டவர் பணம்

போடிக் கடைக்காரருக்கு இந்த ஏலத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு.

பெரிய நகரத்தில் புதிதாக ஒரு கம்பெனி தொடங்குகிறார்கள். இதை "ஸ்டார்ட் அப்" என்கிறார்கள். பணக்காரர்கள் கோடிக் கணக்கில் முதல் போடுகிறார்கள். "முதலில் வாடிக்கையாளரைப் பிடி. லாபத்தைப் பிறகு பார்க்கலாம்" என்பது கொள்கை. 10 ரூபாய்ச் சொல்லுக்கு அவர்கள் 30 ரூபாய் கேட்பார்கள். அது அவர்கள் சம்பாதித்த பணம் அல்ல. போடிக் கடைக்காரர் போடுவதோ சொந்தப் பணம். இரண்டு பேரும் ஒரே ஏலத்தில் நிற்கிறார்கள்.

அப்படிக் கேட்பவர்கள் எல்லாம் ஜெயிக்கிறார்களா? இல்லை. 2000ம் ஆண்டில் அமெரிக்காவில் என்ன ஆயிற்று? இன்டர்நெட் கம்பெனிகள் முதலாளிகளின் பணத்தை வாங்கி, மற்ற இன்டர்நெட் கம்பெனிகளில் விளம்பரம் செய்தன. எல்லோருக்கும் வருமானம் வருவது போலத் தெரிந்தது. முதல் போடுவது நின்றது, விளம்பரமும் நின்றது. யாஹூவின் வரவு 2000ல் சுமார் 111 கோடி டாலர். 2001ல் சுமார் 72 கோடி டாலர்! சிறிய கம்பெனிகள் பல இருந்த இடம் தெரியாமல் போயின.

ஊற்று இல்லாத கிணற்றில் லாரித் தண்ணீரை ஊற்றிவிட்டு, "கிணறு நிறைந்தது" என்று சொல்வது போலத்தான் அது.

பெயருக்கும் ஏலம்!

இந்த ஏலம் ஒரு தமிழ்நாட்டுக் கம்பெனியைக் கோர்ட்டு வரை கொண்டுபோனது.

முருகவேல் ஜானகிராமன் சென்னைக்காரர். அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, 1997ல் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் வரன் தேடும் பகுதிக்கு நல்ல வரவேற்பு. அது "பாரத் மேட்ரிமோனி" ஆக வளர்ந்தது. வரன் தேடுகிறவர்கள் கட்டும் சந்தாதான் அதன் முக்கிய வருமானம். அதாவது, பயன் பெறுகிறவரே பணம் கொடுக்கிறார். நல்ல தொழில் முறை.

ஆனால் அந்தப் பெயரைக் கூகுளில் தேடினால், போட்டிக் கம்பெனிகளின் விளம்பரமும் வந்தது. ஒருவர் கட்டி வளர்த்த பெயரைத் தேடுகிறவர்களை, மற்றவர் ஏலத்தில் எடுக்கலாமா? கம்பெனி சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது.

2010ல் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் தீர்ப்பு அளித்தார். "பாரத்", "மேட்ரிமோனி" போன்றவை பொதுவாக வழங்கும் சொற்கள். அவற்றை ஒருவர் தனக்கு மட்டும் உரியவை என்று சொல்லி, அந்தத் தொழிலில் உள்ள மற்றவர்களைத் தடுக்க முடியாது என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் முக்கியமானது.

கம்பெனி விடவில்லை. 2012ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் செய்தது. 2018 பிப்ரவரி 8ந் தேதி ஆணையம் உத்தரவு போட்டது. தேடல் முடிவுகளைக் காட்டுவதில் கூகுள் தன் பக்கம் சாய்ந்து நடந்தது என்று கூறி, ரூ.135 கோடியே 86 லட்சம் அபராதம் விதித்தது. ஆனால் விளம்பர ஏலம் பற்றிய புகாரை ஆணையம் ஏற்கவில்லை. கூகுள் மேல்முறையீடு செய்தது.

2023ல் வேறு ஒரு வழக்கில் டெல்லி ஐகோர்ட்டு இதைப் பற்றிச் சொன்னது. அடுத்தவர் வணிகப் பெயரை ஏலத்தில் எடுப்பது மட்டுமே குற்றம் ஆகாது. ஆனால் மக்களைக் குழப்பினால் குற்றம் ஆகும். அப்போது கூகுளும் "எனக்குத் தெரியாது" என்று ஒதுங்க முடியாது என்பது அதன் சாரம்.

இது கம்பத்துக்காரர்களும் கவனிக்க வேண்டிய விஷயம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். அந்தப் பெயரைச் செல்போனில் தேடுகிறவருக்கு முதலில் யார் கடை தெரிகிறது என்பதையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவிலேயே தீர்ப்பு

ஏலக்களம் ஒருவர் கையிலேயே இருந்தால் என்ன ஆகும்? கூகுளின் சொந்த நாட்டிலேயே இந்தக் கேள்வி எழுந்தது.

2024 ஆகஸ்டு 5ந் தேதி நீதிபதி அமித் மேத்தா தீர்ப்புக் கூறினார். அவர் குஜராத்தில் பிறந்தவர். தேடல் தொழிலில் கூகுள் சட்ட விரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்றார். தக்க போட்டி இல்லாததால், தேடல் விளம்பரத்தின் விலையைக் கூகுளால் உயர்த்த முடிந்தது என்பதும் அவர் முடிவு.

2025 ஏப்ரல் 17ந் தேதி இன்னொரு நீதிபதி, லியோனி பிரிங்கெமா, இணையதளங்களில் விளம்பரம் வைக்கும் தொழிலிலும் கூகுள் சட்டத்தை மீறியது என்றார். 2025 செப்டம்பரில் மேத்தா பரிகாரம் சொன்னார். கூகுள் தன் "குரோம்" மென்பொருளை விற்க வேண்டியது இல்லை. ஆனால் தேடல் விவரங்கள் சிலவற்றைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். இந்த வழக்குகளில் தன்மேல் தவறு இல்லை என்பது கூகுளின் வாதம்.

நம் நாட்டில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போகும் விளம்பரப் பணத்தின் மேல் 2016ல் மத்திய அரசாங்கம் 100க்கு 6 வீதம் வரி விதித்தது. 2025 ஏப்ரல் 1ந் தேதி முதல் அந்த வரி நீங்கியது. ஜி.எஸ்.டி. தொடருகிறது.

பார்த்தால் பணமா?

கிளிக் வருமானத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. விளம்பரத்தைத் தம் பக்கத்தில் இடம்பெறச் செய்து சம்பாதிப்பவர்களும் உண்டு.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018ல் யூடியூப்பில் சமையல் படம் காட்ட ஆரம்பித்தார்கள். அதுதான் "வில்லேஜ் குக்கிங் சேனல்". 2021ல் ஒரு கோடி சந்தாதாரர்கள்! யூடியூப்பில் நீண்ட படங்களுடன் வரும் விளம்பர வருமானத்தில் 100க்கு 55 பங்கு படம் எடுத்தவருக்கு. அந்த விளம்பரப் பங்கைப் பெற, குறைந்தது 1,000 சந்தாதாரர் வேண்டும். ஓர் ஆண்டில் மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். குறும்படங்களுக்கு வேறு கணக்கு. இங்கே ஓர் உழைப்பு இருக்கிறது. மக்கள் விரும்பிப் பார்க்கும் சரக்கு இருக்கிறது.

ஆனால், "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். விளம்பரத்தைப் பார்த்தாலே தினமும் பணம்" என்று ஒருவர் சொன்னால்? அதற்கு முன்பணம் கட்டச் சொன்னால்?

கோவையில் இப்படிச் சொல்லி உறுப்பினர் சேர்த்த ஒரு நிறுவனத்தின் மீது, 2024 ஜனவரியில் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். அந்த நிறுவனத்துக்கு ஆதரவாக நீலாம்பூர் பக்கம் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். பணம் போட்ட குடும்பங்களின் கலக்கம் அந்தக் கூட்டத்தில் தெரிந்தது.

இங்கேயும் கணக்குப் போடுங்கள். விளம்பரம் கொடுப்பவர் எதற்குப் பணம் தருகிறார்? வாங்கும் ஆள் வேண்டும் என்று தருகிறார். காசுக்காகப் பார்த்துவிட்டுப் போகும் ஆளுக்கு அவர் ஏன் பணம் தர வேண்டும்? தரமாட்டார். அப்படியானால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பின்னால் சேருகிற உறுப்பினர் கட்டும் முன்பணத்தில் இருந்து வரலாம். ஆள் சேருவது நின்றால், பணம் வருவதும் நின்றுவிடும். வீட்டுப் பெண்கள் நகையை வைத்து இதில் பணம் கட்டப் போகுமுன், இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது இணைய மோசடிப் புகாருக்கான எண்.

பள்ளத்தாக்குக்கு ஏற்ற வழி

அப்படியானால் தேனிக்காரர்கள் இந்த விளம்பரத்தின் பக்கமே போகக் கூடாதா? போகலாம். அளந்து போக வேண்டும்.

முதலில் சரக்கைப் பாருங்கள். பன்னீர் திராட்சை சீக்கிரம் கெடும். டெல்லியில் இருப்பவர் விளம்பரத்தைத் தொட்டு என்ன பயன்? அந்தக் கிளிக் வீண். பக்கத்து மாவட்டங்களுக்கு மட்டும் விளம்பரம் தெரிந்தால் போதும் என்று குறிக்க வழி உண்டு. ஏலக்காயும் மிளகும் ஆண்டிபட்டிச் சேலையும் அப்படி அல்ல. அவை பார்சலில் எந்த ஊருக்கும் போகும்.

அடுத்து, சொல்லைப் பாருங்கள். "ஏலக்காய் விலை" என்று தேடுகிறவர் யார்? அவர் தோட்டக்காரராக இருக்கலாம். இன்றைய ஏல நிலவரம் பார்க்கும் போடி வியாபாரியாகவே இருக்கலாம்! அவர் தொட்டால் உங்களுக்குக் காசு நஷ்டம். "கால் கிலோ ஏலக்காய் வாங்க" என்று தேடுகிறவர்தான் உங்கள் ஆள். "நிலவரம்", "வேலை", "இலவசம்" போன்ற சொற்கள் வந்தால் விளம்பரம் வேண்டாம் என்று விலக்கி வைக்கவும் முடியும்.

பிறகு வரம்பு கட்டுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று குறிக்கலாம். ஒரு நாளில் அதைப் போல் இரண்டு மடங்கு வரை கூடச் செலவாகலாம். மாதக் கணக்கில் அது சரிக்கட்டப்படும். இதைத் தெரிந்துகொண்டு குறியுங்கள்.

காசு கொடுக்காத வழியையும் மறக்க வேண்டாம். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. ஒரு தடவை வாங்கியவரின் போன் எண்ணை, அவர் சம்மதத்துடன் குறித்து வைத்தால், அடுத்த அறுவடைக்கு அவருக்கு நீங்களே செய்தி அனுப்பலாம். அந்தச் செய்திக்கு ஏலம் இல்லை.

அந்த அப்பாவும் மகனும் என்ன செய்யலாம்? மகன் விளம்பரம் போடட்டும். அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வைக்கட்டும். ஒரு பக்கம் கிளிக் செலவு. எதிர்ப் பக்கம் வாங்கியவர் பெயரும் தொகையும். இரண்டாம் தடவை வந்தவருக்கு ஒரு கோடு. மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கட்டும்.

"தொட்டவன் வாங்காமப் போயிட்டா?" என்ற கேள்விக்கு அந்த நோட்டில் பதில் இருக்கும்.